தூக்குக் கூரைத் துணி ஒழுகுகிறதா? பசையை எடுக்கும் முன் தண்ணீர்க் குழாயை எடுங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. படுக்கை வைத்த பயண வேனான உங்கள் கேம்பர்வேனுக்கு வயது 12. கூரை பின்பக்கம் கீல் வைத்து முன்பக்கம் உயரும் வகை, தூக்கிய கூரைக்கும் வேனின் உடலுக்கும் நடுவே துணிச் சுவர் நிற்கும். மேல் படுக்கையில் உறங்கும் இரவில் மழை பெய்தால் முன்பக்க இடது மூலையில் மெத்தை நனைந்துவிடுகிறது. சென்ற ஆண்டு குளியலறைக்குப் பூசும் சிலிக்கோனைத் தையல்களின் மேல் பூசினீர்கள். இரண்டு மழை தாங்கியது, மூன்றாவதில் மறுபடி ஒழுகியது. துணி முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

அந்த முடிவை இப்போது எடுக்காதீர்கள். என் வேனிலும் தெரிந்தவர்களின் வேன்களிலும் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். துணியின் நடுப்பரப்பு வழியாகத் தண்ணீர் வந்ததை மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். அது எப்போதும் ஓரம் தேடித்தான் வரும். தையல் ஊசி போட்ட துளை, ஜிப்பின் அடிப்பகுதி, துணி மடியும் மூலை, கீழ் விளிம்பை வேனின் உடலோடு பிடித்திருக்கும் அலுமினியப் பட்டை ஆகியவைதான் அதன் வழிகள். இன்னொன்று, தண்ணீர் நுழையும் இடம் ஒன்றாகவும் சொட்டும் இடம் வேறொன்றாகவும் இருக்கும். என் முதல் வேனில் தலையணைக்கு நேர் மேலே சொட்டியது. இரண்டு மழைக்காலம் அந்தத் தையலையே திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டார்ச்சை ஏற்றிக்கொண்டு படுத்து அண்ணாந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஒன்றரை மீட்டர் தள்ளியிருந்த கீலின் திருகாணி ஓரத்தில் ஒரு துளி பிறந்து, துணியின் உட்புற மடிப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்து, நூல் முடிச்சு ஒன்றில் தடுக்கி என் தலையணைமேல் விழுந்தது. அன்று முதல் நுழைவாயிலைக் கண்ணால் பார்க்காமல் எந்தப் பசைக் குழலையும் திறப்பதில்லை.

முதலில் அது மழைத் தண்ணீர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உறங்கும் ஒருவரின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் ஓர் இரவில் கால் லிட்டர் அளவுக்கு நீராவி வெளியேறுகிறது. இருவர் படுத்தால் அரை லிட்டர். வேனுக்குள் காற்று 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்த நீராவி பனித்துவிடும். மழை இரவில் சன்னல்களை எல்லாம் இறுக மூடிக்கொள்வதால் இது இன்னும் மோசமாகும். நனைந்திருக்கும்போது கடினக் கூரையின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கும் பரவலாக ஈரம் இருந்தால் அது பனித்த நீர். மழையே இல்லாத குளிர் இரவிலும் நனைகிறதா என்று கவனியுங்கள். மெத்தையின் மேற்புறம் காய்ந்திருந்து அடிப்புறம் மட்டும் ஈரமாக இருந்தால், குளிர்ந்த பலகையின்மேல் உங்கள் உடலிலிருந்து இறங்கிய ஈரம் அது. மெத்தைக்கடியில் காற்றோடும் வலைவிரிப்பு ஒன்றைப் போட்டு, சன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நீங்கள் சொல்வது ஒரே மூலை, மழையில் மட்டும். ஆகவே உங்களுடையது ஒழுகல்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் சோதித்துவிடுங்கள், ஒரு காசு செலவில்லை.

அடுத்தது குழாய்ச் சோதனை. இதில் அவசரம் கூடாது. மழையில்லாத நாளில், துணி முழுவதும் காய்ந்திருக்கும்போது, கூரையைத் தூக்கி மெத்தையை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு, வெளியே ஒருவர் தோட்டக் குழாயோடு. உட்புறத்தில் கீழ் விளிம்பு நெடுகிலும் காகிதக் கைக்குட்டைகளைப் பட்டையாக மடித்துச் செருகி வையுங்கள். கைக்குத் தெரியாத ஈரமும் காகிதத்தில் கறையாகத் தெரியும். தண்ணீரைக் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும், இதுதான் சோதனையின் உயிர். மேலிருந்து ஊற்றினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து, எது வழி என்று தெரியாமல் போய்விடும். முதலில் கீழ் விளிம்பில் மட்டும், பீய்ச்சாமல், வழியவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே ஒன்றும் வரவில்லையென்றால் ஒரு சாண் மேலே ஏறுங்கள். பிறகு ஜிப், பிறகு செங்குத்துத் தையல், பிறகு துணியும் கடினக் கூரையும் சேரும் மேல் விளிம்பு, கடைசியாகக் கூரையின் மேற்பரப்பில் இருக்கும் திருகாணிகளும் கம்பி நுழைவுகளும். அழுத்தப் பீய்ச்சியைக் கொண்டுவரவே கூடாது. எந்த மழையும் நுழையாத இடத்திலும் அது தண்ணீரை நுழைத்துவிடும், தையலை மூட உட்புறம் ஒட்டியிருக்கும் பழைய தையல் டேப்பையும் பிய்த்துவிடும்.

ஈரம் முதலில் தெரிந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கேயே நிறுத்துங்கள். துணியைக் காயவிட்டு அதே இடத்தில் இன்னொரு முறை செய்து பாருங்கள். இரண்டு முறையும் அதே இடம் நனைந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான்.

இருட்டிய பிறகு இன்னொரு சோதனை உண்டு. வேனுக்குள் பளிச்சென்ற விளக்கை ஏற்றி வைத்து வெளியே நின்று துணியைப் பாருங்கள். ஊசிமுனைத் துளைகள் விண்மீன்கள்போல் மின்னும். அவை பெரும்பாலும் மூலைகளில்தான் இருக்கும், அதற்குக் காரணமும் உண்டு. கூரையை இறக்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லையென்றால் துணி வெளிப்புறமாகப் புடைத்து, கூரைக்கும் உடலுக்கும் நடுவே நசுங்கும். நூறு முறை நசுங்கிய மடிப்பில் பூச்சு உரிந்து, பிறகு இழையும் அறும். இறக்கும்போது ஒரு சன்னலையோ கதவையோ திறந்து வைத்தாலே போதும். பல கூரைகளில் துணியை உள்ளிழுத்துப் பிடிக்கத் துணியின் நடுவே ஒரு எலாஸ்டிக் கயிறு சுற்றிப் போகும். 12 ஆண்டில் அது தளர்ந்திருக்கும். ஓட்டையை அடைப்பதற்கு முன் அந்தக் கயிற்றை மாற்றுங்கள். இல்லையென்றால் அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

இனி எதைக் கொண்டு அடைப்பது? அதற்கு உங்கள் துணி எது என்று தெரிய வேண்டும். இருபுறமும் நெசவு தெரிந்து, தண்ணீர் பட்டால் நிறம் கருத்தால் அது பருத்தியோ பருத்தி-பாலியெஸ்டர் கலவையோ. வெளியே பிளாஸ்டிக் வழவழப்பும் கையில் எடையும் இருந்தால் பிவிசி பூசிய வினைல். வெளியே நெசவும் உள்ளே மெல்லிய பூச்சும் இருந்தால் அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர். சன்பிரெல்லா போன்றவை அக்ரிலிக் இனம். வினைலுக்கு வினைல் பசைதான் பிடிக்கும். மற்றவற்றுக்குப் பாலியூரித்தேன் தையல் அடைப்பான் நன்றாகப் பிடிக்கும். பருத்திக்கு இன்னொரு குணம் இருக்கிறது. நனைந்தால் இழை உப்பி, ஊசித்துளையைத் தானே மூடிக்கொள்ளும். அதனால்தான் புதிய பருத்தித் துணி முதல் மழையில் தையலோரம் கசிந்தாலும், இரண்டு மூன்று முறை முழுக்க நனைத்துக் காயவிட்டால் நின்றுவிடுகிறது. மழை பெய்யும்போது அதன் உட்புறத்தை விரலாலோ தலையணையாலோ தொட்டால், தொட்ட இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்கும். மெத்தை மூலையில் துணியை முட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சில வேன்களில் முழுச் சிக்கலும் அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் பூசிய சிலிக்கோன். மன்னிக்கவும், இதைக் கடுமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. குளியலறை சிலிக்கோன் அசைந்து மடியும் துணிக்கு ஏற்றதே இல்லை. மடியும்போது விளிம்பு தூக்கிக்கொண்டு, அடியில் தண்ணீர் தேங்கும். புளிப்பு வாடை அடிக்கும் வகையானால் உலரும்போது அசிட்டிக் அமிலம் விடும், பக்கத்திலிருக்கும் திருகாணியையும் தகரத்தையும் அரிக்கும். இவை எல்லாவற்றையும்விடக் கொடுமை, சிலிக்கோன் பட்ட இடத்தில் சிலிக்கோனைத் தவிர வேறெதுவும் ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியால் தடிப்பை எடுங்கள். மிச்சத்தை விரலால் உருட்டி உருட்டி எடுக்க முடியும், பொறுமை வேண்டும். சிலிக்கோன் நீக்கி திரவத்தை முதலில் மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்துச் சோதியுங்கள், பூச்சைக் கரைத்துவிடக்கூடும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, ஒரு சிறு இடத்தில் தையல் அடைப்பானைத் தடவி மறுநாள் நகத்தால் நெம்பிப் பாருங்கள். தோலாக உரிந்து வந்தால் சிலிக்கோன் இன்னும் இழைக்குள் இருக்கிறது என்று பொருள். அந்தத் தையலுக்கு மட்டும் வேறு வழியில்லை. கூடாரங்களுக்கென்று விற்கும் நீர்த்த சிலிக்கோன் தையல் அடைப்பானையே மெல்லியதாகப் பூசிக்கொள்ளுங்கள். மற்ற தையல்களுக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

தையலை மூடுவதற்கு முன் நூல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயில் துணியைக் கெடுப்பதற்கு முன்பே பாலியெஸ்டர் நூலைக் கெடுத்துவிடும், முக்கியமாக அக்ரிலிக் துணியில். கட்டைவிரல் நகத்தைத் தையலின் மேல் அழுத்தி இழுங்கள். நூல் பொடிப்பொடியாக அறுந்தால் பசை பூசி ஒரு பயனுமில்லை, அடுத்த பலத்த காற்றில் தையலே திறந்துகொள்ளும். வெயிலைத் தாங்கும் தடித்த பாலியெஸ்டர் நூலை எடுத்து, பழைய துளைகள் வழியாகவே கையால் தையுங்கள். புதுத் துளை போடாதீர்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மாலை நேரம் ஆகும், ஆனால் துணியைக் கழற்ற வேண்டியதில்லை.

தைத்த பிறகு கூரையை முழு உயரத்துக்குத் தூக்கித் துணி விறைப்பாக இருக்கும் நிலையில் பூசுங்கள். தளர்ந்த நிலையில் பூசினால் தூக்கும்போது துளை விரிந்து பூச்சு விலகும். சிறு தூரிகையால் நூலின் மேலும் இருபுறமும் அரை சென்டிமீட்டர் வரையும் மெல்லியதாகத் தேய்த்து ஏற்ற வேண்டும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு நீடிக்கும். உட்புறத்தில் பழைய தையல் டேப் உரிந்து தொங்கினால் முழுவதும் எடுத்துவிடுங்கள், பாதி ஒட்டியிருக்கும் டேப் தண்ணீரைத் தாங்கி வேறிடத்துக்குக் கொண்டுபோகும் ஓடைதான். குறைந்தது 24 மணி நேரம் கூரையை இறக்காதீர்கள். இறக்குமுன் பூசிய இடத்தில் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தடவினால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

ஆனால் மெத்தை மூலையில் நனைகிறது என்றதும் எனக்கு முதலில் சந்தேகம் வருவது தையலின்மேல் இல்லை, கீழ் விளிம்பின்மேல். உங்கள் கூரை முன்பக்கம் உயர்வதால் முன்மூலைகளில்தான் துணி உயரமாக நிற்கிறது, காற்றோடு வரும் மழையை நேராக வாங்குகிறது. வாங்கிய தண்ணீர் முழுவதும் வழிந்து கீழ் விளிம்புக்குத்தான் வந்து சேரும். அங்கே துணி ஓர் அலுமினியப் பட்டையால் திருகாணிகளைக் கொண்டு அழுத்தப்பட்டிருக்கலாம். அல்லது உள்ளே கயிறு வைத்துத் தைத்த விளிம்பு ஒரு தடத்துக்குள் செருகப்பட்டிருக்கலாம். பழைய வேன்களில் மரச்சட்டத்தில் கம்பி ஆணி அடித்திருப்பார்கள். எந்த வகையானாலும் வெட்டிய விளிம்பின் இழைகள் தண்ணீரில் நின்றால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல உள்ளே இழுக்கும். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்தும் சொட்டுகிறதென்றால் இந்தத் திரிவேலையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சரிசெய்யும் முறையைச் சொல்கிறேன். பட்டையை முழுவதும் கழற்றாதீர்கள், துணி தன் இடத்தை இழந்துவிடும், திரும்ப இழுத்துப் பொருத்துவது பெரும்பாடு. ஒரு முழ நீளத்துக்கு மட்டும் திருகாணிகளைத் தளர்த்துங்கள். அடியிலிருக்கும் பழைய அடைப்பான் காய்ந்து, சுருங்கி, தட்டையாக உரிந்து வரும். அதைச் சுரண்டி, தகரத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். துரு தெரிந்தால் தேய்த்து, துருத்தடுப்புப் பெயின்ட் அடித்துக் காயவிட்ட பிறகே மேலே போக வேண்டும். துணியின் வெட்டு விளிம்பில் தையல் அடைப்பானைத் தடவி இழைகளை மூடுங்கள், திரி அதோடு அணையும். பட்டைக்கடியில் பியூட்டைல் டேப் (மென்மையாக ஒட்டும் ரப்பர் நாடா) ஒரு வரி, ஒவ்வொரு திருகாணித் துளைக்குள்ளும் ஒரு பொட்டு. பியூட்டைல் இறுகிப்போவதில்லை, அதனால் வேன் அதிர்ந்தாலும் விரிசல் விடாது. சிகாஃப்ளெக்ஸ் போன்ற பாலியூரித்தேன் வகைகளையும் பயன்படுத்தலாம், ஆனால் அவை பசைபோலவும் பிடிக்கும். நாளை துணியைக் கழற்ற நேர்ந்தால் சிரமம். தவிர, அவை காற்றின் ஈரத்தால் ஒரு நாளில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும், காத்திருக்க வேண்டும். திருகாணிகளை முதலில் பாதி இறுக்கி, மறுநாள் மீதியை இறுக்குங்கள். துருப்பிடித்த திருகாணிகளைத் துருப்பிடிக்காத எஃகில் புதிதாக மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். சில தடங்களில் அடியில் தண்ணீர் வெளியேறச் சிறு வடிதுளைகள் இருக்கும். இலைத்தூசு அடைத்து அவை மூடியிருந்தால் தண்ணீர் தேங்கி உள்விளிம்பைத் தாண்டும். மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். நல்லெண்ணத்தோடு அந்தத் துளைகளையும் சேர்த்துப் பசையால் மூடிவைத்த வேன்கள் என்னிடம் வந்திருக்கின்றன. அவற்றில் பசையை எடுத்ததுமே ஒழுகல் நின்றது.

ஜிப் வைத்த சன்னல் உங்கள் முன்பக்கத்தில் இருந்தால், ஜிப்பின் பற்களைவிட ஜிப் நாடாவைத் துணியோடு சேர்த்த தையலைப் பாருங்கள், வழி அதுதான். மேலே மூடும் மடிப்பு நேராகப் படிகிறதா, ஜிப் கடைசிப் பல் வரை போகிறதா என்பதும் முக்கியம். கடினக் கூரையில் சூரியத்தகடோ விசிறியோ சுமைத்தாங்கியோ பொருத்தியிருந்தால் அவற்றின் துளைகளைக் குழாய்ச் சோதனையே காட்டிக்கொடுக்கும். கூரை மூடியிருக்கும்போதும் ஓடும்போதும் மட்டும் தண்ணீர் வந்தால் துணியை விட்டுவிட்டுச் சுற்றிவரும் ரப்பர் அடைப்புப் பட்டையைப் பாருங்கள். அதற்குத் தடவும் சிலிக்கோன் கிரீஸ் துணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படும் இடமெல்லாம் பிறகு பசை பிடிக்காது.

துளை ஊசிமுனை அளவென்றால் பாலியூரித்தேன் அடைப்பான் ஒரு சொட்டு போதும். விரல்நுனி அளவுக்கு மேல் என்றால் அதே துணியில் ஒட்டு வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்கினால் நுனி தூக்காது. கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை படிய வேண்டும். அடியில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் காற்றை வெளியேற்றி ஒட்டுங்கள். முடிந்தால் உள்ளும் புறமும் இரண்டு ஒட்டு.

நீர்விலக்கிப் பூச்சு கடைசியில்தான் வர வேண்டும். பலர் முதலிலேயே அதை வாங்கி அடிக்கிறார்கள். அது துணியின் பரப்பைக் காக்குமே தவிரத் திறந்த தையலை மூடாது. துணியின்மேல் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்துமுத்தாக உருண்டு ஓடினால் பூச்சு தேவையில்லை. பரவிக் கருத்தால் தேவை. முதலில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவுங்கள். துணி சோப்புத்தூள் வேண்டாம், அதன் மிச்சம் தண்ணீரைத் துணிக்குள் அழைத்துவரும். நிக்வாக்ஸ் என்ற பூச்சு தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது, துணி ஈரமாக இருக்கும்போதே பூசலாம். ஃபேப்சில் என்ற பூச்சு சிலிக்கோன் வகை, காய்ந்த துணிக்கு. அதைப் பூசினால் பிறகு தையல் அடைப்பான் பிடிக்காது என்பதால் எல்லாத் தையல் வேலையும் முடிந்த பிறகே அதைத் தொடுங்கள்.

நனைந்த துணியை மடித்து மூடிப் பயணம் போக வேண்டிய நாள் எல்லோருக்கும் வரும். போகலாம், ஆனால் அன்று மாலையோ மறுநாளோ கூரையைத் தூக்கிக் காயவிட வேண்டும். விட்டால் கருப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடிக்கும். பருத்தி இழையைப் பூஞ்சை தின்றே விடும். புள்ளிகளை நீர்த்த வினிகரால் துடைக்கலாம். பருத்தியில் பிளீச் போடாதீர்கள், கறையோடு இழையின் வலுவும் போய்விடும். மழையில் நிறுத்தும்போது கீல் இருக்கும் தாழ்ந்த பக்கம், அதாவது வேனின் பின்பக்கம், காற்றை எதிர்கொள்ளும்படி நிறுத்துங்கள். உயர்ந்த முன்துணி காற்றுக்கு மறைவில் இருக்கும்.

துணியை மாற்றவேண்டிய அறிகுறிகள் சில உண்டு. மடிப்பை இரு கையாலும் இழுத்தால் காகிதம்போல் கிழிவது, உட்பூச்சு செதில் செதிலாக உதிர்வது, பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்துப் புளித்த வாடை அடிப்பது ஆகியவை அவை. பிசுபிசுப்பு வந்துவிட்டால் பூச்சின் வேதியல் கட்டமைப்பே ஈரத்தால் சிதைந்துவிட்டது, அதன்மேல் எதுவும் நிற்காது. அப்படியானால் வெதுவெதுப்பான நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குளிரில் புதுத் துணி விறைத்து நீளாது. துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் துணியைக் கழற்றும் நேரம் முழுவதும் கூரையைத் தாங்க மரக்கட்டைகள் வைத்திருக்க வேண்டும். முன்பக்கத்தின் நடு, பின்பக்கத்தின் நடு ஆகிய இரண்டு புள்ளிகளை முதலில் பிடித்து, அங்கிருந்து மூலைகளை நோக்கி இரு பக்கமும் மாறி மாறிப் போனால் சுருக்கம் விழாது. கழற்றிய பழைய துணியைத் தூக்கி எறியாதீர்கள். புதியது சரியாகப் பொருந்தி ஒரு மழையைத் தாண்டும் வரை, அளவுக்கும் திருகாணித் துளைகளின் இடத்துக்கும் உங்களிடம் இருக்கும் ஒரே வரைபடம் அதுதான்.